மீனில்லாத தொட்டி

குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு நாற்பதுதான் இருக்கும். பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவர். வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறவர்.

அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் பிரிவை மேய்த்து ஓய்வு பெற்றவர். இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தியே காலத்தை ஓட்டியதால், பக்கத்தில் நிற்பவரிடமும் கப்பல் தளத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். ஓய்வுக்குப் பிறகு அதட்ட ஆளில்லாமல் தவித்துப்போனார். அப்போதுதான் யாரோ அவரை ஜெசிந்தா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே தொட்டியில் ஒரு சர்ஜன் மீன் இருந்தது. உடம்பு அடர்நீலம், வால் மட்டும் மஞ்சள். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னக் கத்தி ஒன்று மடங்கிக் கிடக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஜெசிந்தா சொன்னார். அண்ணாச்சி வாயே திறக்காமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பவில்லை.

அன்றிலிருந்து ஜெசிந்தா அவருக்கு ‘டீச்சர்’. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீச்சர் மாதா கோயிலிலிருந்து வரும்போது, அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருப்பார். கேட்பார், எழுதிக்கொள்ள மாட்டார், வீட்டுக்குப் போய்ப் பாதியை மறந்துவிட்டு மறுபடி வருவார். சீடர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டீச்சருக்கும் பழகிவிட்டது.

அண்ணாச்சி வீட்டிலும் ஆறடித் தொட்டி வந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு நீலச் சர்ஜன் மீனும் வந்தன. நாள் முழுக்கத் தொட்டியைச் சுற்றிவந்து அங்கங்கே பாறையைக் கொறித்துப் பார்க்கிற அந்தச் சர்ஜன் மீனுக்கு அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் ‘துரை’ என்று பெயர் வைத்தாள். காலையில் கணவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, துரை எழுந்தாரா என்று தொட்டியைப் போய்ப் பார்ப்பாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் திருச்செந்தூரிலிருந்து ஒருநாள் சாப்பிட வந்தார்கள். சம்பந்தியம்மாள் தொட்டியைப் பார்த்து அதிசயப்பட்டாள். உலகம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுக்களைக்குப் போய் இரண்டு இலை கீரையை வெந்நீரில் போட்டெடுத்து வந்து, விரலில் பிடித்தபடி தண்ணீருக்குள் நீட்டினாள். துரை வந்து அவள் விரலிலிருந்தே பிடுங்கித் தின்றது. சம்பந்தியம்மாள் கைதட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். தண்ணீர் கெட்டுவிடும் என்ற பயம்தான். ஆனால் பயத்தை அவர் என்றைக்குமே பயமாகச் சொன்னதில்லை.

“நாப்பது வருசமா என்கூட இருந்தும், ஒரு மீனுக்கு இருக்குத அறிவு உனக்கு வரலியே” என்றார், துறைமுகக் குரலில்.

சம்பந்தி மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார். உலகம்மாள் சிரித்தாள். “அவங்க சொல்லுதது சரிதான், எனக்கென்ன தெரியும்” என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாயசம் எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காப்பி வழக்கம்போல வந்தது. இட்லி வந்தது. முகத்தில் சுணக்கம் இல்லை, பேச்சில் குத்தல் இல்லை. தொட்டிப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. அதை அண்ணாச்சி கவனிக்கவில்லை. விஷயம் முடிந்தது என்று முடிவு செய்துவிட்டார். முடிவு செய்வது அவருக்குக் கைவந்த வேலை.

கொஞ்சநாள் கழித்துத் துரையின் நீல உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, உப்பைத் தூவியதுபோல. அண்ணாச்சி டீச்சரிடம் ஓடினார். இது இந்த மீனுக்குச் சீக்கிரம் வருகிற நோய்தான், எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தனியாக வைத்து வைத்தியம் பண்ணுங்கள், பெரிய தொட்டியை மீனில்லாமல் ரெண்டு மாதத்துக்கு மேல் ஓடவிடுங்கள் என்றார் டீச்சர். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு வந்தார். தலையாட்டியதோடு சரி, மீனை எடுக்கவில்லை.

நாலைந்து நாளில் புள்ளிகள் தானாகவே மறைந்தன. அண்ணாச்சி ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“டீச்சர், மருந்தே வேண்டாம்னு ஆயிட்டு. புள்ளியெல்லாம் போயிட்டு.”

“போகல அண்ணாச்சி. கீழ இறங்கியிருக்கு.”

“எங்க?”

“மணலுக்கு.”

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே.”

“தெரியாது” என்றார் டீச்சர். ஒரு மக்ரூனை எடுத்துக் கடித்தார்.

படித்தவர்கள் எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டே அண்ணாச்சி வீடு திரும்பினார். துரை நன்றாகத் தின்றது, நன்றாக நீந்தியது. அவருக்கு அது போதும்.

அந்த வாரம் உலகம்மாள் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனாள். ரெண்டு நாளில் வருகிறேன் என்றாள். ரெண்டு நாள் கழித்து, மதினிக்கு ஒத்தாசைக்கு ஆளில்லை என்றாள். பிறகு அண்ணனுக்குச் சளி என்றாள். பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டாள். ஆனால் தினமும் போனில் பேசினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், பிரஷர் மாத்திரையை நினைவுபடுத்தினாள், சீனி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். எப்போது வருகிறாய் என்ற கேள்விக்கு மட்டும், “வரணும், பாப்போம்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சண்டை போட்டிருந்தால் எதிர்த்துப் பேசலாம். அழுதால் சமாதானம் சொல்லலாம். சிரிக்கிறவளை என்ன செய்வது? உலகம்மாள் இல்லாத வீட்டில் அவருக்குப் பயமாக இருந்தது. இனி வரவே மாட்டாளோ என்று நினைத்த அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை. இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்தமுறை தூவியதுபோல இல்லை, அப்பியிருந்தன. துரை தண்ணீர் பீய்ச்சுகிற மோட்டாரின் முன்னால் போய் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. கீழே விழுந்த தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன் பண்ணியதும் டீச்சர் வந்துவிட்டார். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சி வலையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் துழாவ, துரை ஒரு பாறை இடுக்கில் புகுந்து, கத்தியை விரித்து, தன்னை இறுக்கிக்கொண்டது.

“வலை வேண்டாம் அண்ணாச்சி. கத்தி வலையில மாட்டிக்கிட்டா அதுக்குத்தான் காயம்.”

“பிறகு எப்படிப் பிடிக்க?”

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சாய்த்து வைத்து, உள்ளே கொஞ்சம் கடல்பாசியைக் கட்டிவிட்டு, தொட்டியை விட்டுத் தள்ளிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணாச்சியையும் உட்காரச் சொன்னார். பேசக்கூடாது என்றார். அது அண்ணாச்சிக்குப் பெரிய தண்டனைதான். ஆனாலும் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத் துரை தானாக வெளியே வந்தது, பெட்டியைச் சுற்றியது, உள்ளே போனது.

மூன்று மீன்களும் கூடத்து மூலையில் ஒரு சின்னத் தொட்டிக்குப் போயின. அங்கே மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒளிந்துகொள்ள ரெண்டு துண்டுக் குழாய், ஒரு பில்டர், அளந்து ஊற்றிய மருந்து, அவ்வளவுதான். இந்த மீனுக்கு மருந்து கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்று டீச்சர் தினமும் வந்து தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார்.

“இவ்வளவு பாடு எதுக்கு? மருந்தப் பெரிய தொட்டியிலேயே ஊத்தியிருக்கலாமே” என்றார் அண்ணாச்சி.

“ஊத்தலாம். அங்க இருக்கிற இறால், நத்தை எல்லாம் சேந்து சாகும்.”

அண்ணாச்சி குனிந்து பெரிய தொட்டிக்குள் இறாலைத் தேடிப் பார்த்தார்.

துரை தேறியது. மருந்துத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நாளில் நிறம் திரும்பியது, பாசியைத் தேடித் தின்ன ஆரம்பித்தது. ஆனால் டீச்சர் அதைப் பெரிய தொட்டிக்குள் விடச் சம்மதிக்கவில்லை.

ஆறடித் தொட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு காலையில் எரிந்து மாலையில் அணைய வேண்டும். ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியைத் துடைக்க வேண்டும், இறாலுக்கு ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். வேலையில் ஒன்றுகூடக் குறையவில்லை, பார்ப்பதற்குத்தான் மீன் இல்லை. அண்ணாச்சி எல்லாம் செய்தார். செய்யச் செய்ய அவருக்குக் கோபம் வந்தது.

ஒரு மாலை டீச்சர் வந்திருந்தபோது கேட்டேவிட்டார்.

“நோய் மீனுக்கு வந்துச்சு. மீன் குணமாயிட்டு. பிறகு இந்தத் தொட்டியப் போயி எதுக்குப் பட்டினி போடணும்?”

டீச்சர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

“புள்ளியா இருந்தது கீழ விழுந்து மணல்ல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் வெடிச்சு நூறா வெளிய வரும். ஒரே நாள்ல வராது. இன்னைக்குச் சிலது, அடுத்த வாரம் சிலது, சிலது ரெண்டு மாசம் கழிச்சு. வெளிய வந்ததும் ஒட்டிக்க ஒரு உடம்பத் தேடும்.”

“கிடைக்கலன்னா?”

“ஓரிரு நாள்ல தானா செத்துப்போகும்.”

“கிடைச்சா?”

“மறுபடி முதல்ல இருந்து.”

அண்ணாச்சி தொட்டியைப் பார்த்தார். உள்ளே விளக்கும் பாறையும் மணலும் இருந்தன. பிறகு, கேட்காமலேயே, உலகம்மாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கோவில்பட்டிக்குப் போனது, வராதது, சிரித்துச் சிரித்துப் பேசுவது எல்லாம் சொன்னார்.

“கோவம்னா எனக்குத் தெரியும் டீச்சர். அவளுக்குக் கோவமே இல்ல. நல்லாத்தான் பேசுதா.”

“போறதுக்கு முன்னால ஏதாவது நடந்துச்சா?”

“பெரிசா ஒண்ணுமில்ல. சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“என்ன வார்த்தை?”

“அது எதுக்கு இப்ப? சும்மா ஒரு பேச்சு.”

“சும்மா பேச்சுதான? சொல்லுங்க.”

அண்ணாச்சி முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றார் டீச்சர். அண்ணாச்சி இன்னொரு முறை சொன்னார்.

“அன்னைக்கு எந்தச் சத்தத்துல சொன்னீங்களோ, அந்தச் சத்தத்துல சொல்லுங்க.”

அண்ணாச்சி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “நாப்பது வருசமா என்கூட” என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. கப்பலுக்குக் கேட்கும்படி கத்தி வேலை வாங்கியவருக்கு ஒரு வரியை முடிக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அண்ணாச்சியை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“யார் யார் இருந்தாங்க அப்ப?”

அண்ணாச்சி யோசித்து ஒவ்வொருவராகச் சொன்னார்.

மறுநாள் அவர் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். சம்பந்தி வீட்டில் என்னவோ ஏதோ என்று பதறிப்போனார்கள். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, அன்றைக்கு உங்கள் முன்னால் என் பெண்டாட்டியை நான் இப்படிச் சொன்னேன் என்று அந்த வரியை முழுசாகச் சொன்னார். அது பொய், உங்கள் முன்னால் சொன்னதை உங்கள் முன்னாலேயே பொய் என்று சொல்ல வந்தேன் என்றார். அதை நாங்கள் அன்றைக்கே மறந்துவிட்டோமே அண்ணாச்சி என்றாள் சம்பந்தியம்மாள். “அவ மறக்கல” என்றார் அண்ணாச்சி. மதியச் சாப்பாட்டுக்கு வற்புறுத்தினார்கள். இருக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டார்.

உலகம்மாளுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாள் சொல்லாமல் இருப்பாளா? அவர் பஸ் தூத்துக்குடிக்கு வந்து சேர்வதற்குள் செய்தி கோவில்பட்டிக்குப் போயிருந்தது. அன்றைக்கு உலகம்மாளிடமிருந்து போன் வரவில்லை. வழக்கமாக வருகிற நேரம் தாண்டியது. மறுநாளும் வரவில்லை. அண்ணாச்சி காலித் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். செய்தது தப்போ, நினைவுபடுத்திக் கெடுத்துவிட்டோமோ என்று அவருக்குக் கலக்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் போன் வந்தது.

அன்று மாலையே அண்ணாச்சி டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். கல்லூரியிலிருந்து வந்த டீச்சர் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே உட்காரச் சொன்னார்.

“திட்டிட்டா டீச்சர்” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் சாதாரண மனிதர்கள் பேசுகிற அளவுக்கு இறங்கியிருந்தது.

“என்னன்னு?”

“அந்தப் பேச்சு மட்டும்னு நெனச்சேன். அது ஒண்ணுதான்னு நெனச்சேன் டீச்சர்.”

ஒன்று இல்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அவர் வராமல் இருந்தது, வந்தபிறகு, பெண்ணா என்று கேட்டது. உலகம்மாளின் அப்பா செத்த வீட்டில் சாப்பாடு நேரமாகிறது என்று சொன்னது. அவள் ஆசையாக வாங்கிவந்த தையல் மெஷினை அண்டைவீட்டுக்காரர் முன்னால் கேலி பண்ணியது. மாமியார் அவளுக்கு மட்டும் மீன் குழம்பில் துண்டு வைக்காமல் ஊற்றியதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் சாப்பிட்டு எழுந்தது. கல்யாணமான புதிதில் நடந்ததெல்லாம் நேற்று நடந்ததுபோல வந்தது. சிலவற்றை அண்ணாச்சி அடியோடு மறந்திருந்தார். சிலவற்றை அவர் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

“எவ்வளவு நேரம் பேசினாங்க?”

“காப்பி ஆறிட்டு. போன காதுல வச்சுக்கிட்டே மறுபடி சுடவச்சேன். அதுவும் ஆறிட்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மீன் துண்டு விஷயத்துல, அது எங்கம்மா பண்ணினது, என்னை எதுக்குச் சொல்லுதன்னு கேக்க வாய் வந்துச்சு. தையல் மெஷினுக்கும் ஒரு பதில் இருந்துச்சு.” அண்ணாச்சி நிறுத்தினார். “சொல்லல.”

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்தார்.

“கடைசில என்ன சொன்னாங்க?”

“துரை ஒழுங்காத் திங்கானான்னு கேட்டா. திங்கான்னேன். வச்சுட்டா.”

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உடம்பு களைத்திருந்தது. ஆனால் கண்ணில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“நாப்பது வருசத்தையும் ஒரே மூச்சுல சொல்லித் தீத்துட்டா. இனி என்ன இருக்கு டீச்சர்? நாளைக்குக் காலைல ஒரு கார் பிடிச்சிப் போயி அவளக் கூட்டிட்டு வந்துரட்டுமா?”

டீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவ்வளவு பிரியம் இருந்தது.

“நாளைக்கும் கூப்பிடுவாங்க அண்ணாச்சி. போன எடுங்க.”